முகவரிக் கட்டத்தில் நான் எழுதிய புளியமரம்

ஊசி போடுவது, தடுப்பு மருந்துப் பெட்டியின் குளிர்ச்சியைப் பார்த்துக்கொள்வது, மாதக் கடைசியில் ரெஜிஸ்டரை முடிப்பது எல்லாம், என் இடத்துக்கு நர்சாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. தர்மபுரி டவுனில் முப்பது வருடத்துக்கு மேல் நர்சாக இருந்தவள், எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பிரிவு உபசார விழாவில்கூட ஒருவர் மைக்கில் அதைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். ஊரைத் தெரியும் என்ற அந்தத் திமிரால் நான் ஒரு குழந்தையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள். அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமைக் கூட்டம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அதில் ஒருத்தி, கையில் துண்டு சுற்றியிருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். துண்டில் இரத்தம். தாயின் பெயர் அலமேலு. குழந்தை தர்ஷினிக்கு ஆறு வயது. முழங்கைக்குக் கீழே நாய் கடித்திருந்தது. பல் நன்றாக இறங்கியிருந்தது.

"வளக்கற நாயா?"

"தெருநாய்ங்க நர்சம்மா. செவல நாயி. ஒரு காது அறுந்து தொங்குது. வெளையாடிட்டு இருந்த புள்ளைய சும்மா வந்து கவ்விடுச்சுங்க."

குழாயடியில் சோப்புப் போட்டு நெடுநேரம் புண்ணைக் கழுவினேன். குழந்தை கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையையே பார்த்தது. முதல் ஊசியைப் போட்டேன். கடி ஆழமாக இருந்ததால் புண்ணைச் சுற்றிப் போடவேண்டிய இன்னொரு மருந்தும் தேவைப்பட்டது. அது எங்கள் சுகாதார நிலையத்தில் கிடையாது. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். டாக்டர் சீட்டு எழுதினார். நான் அதைத் தாயின் கையில் கொடுத்தேன்.

"இன்னைக்கே போயிடணும். வியாழக்கிழமை அடுத்த ஊசிக்கு இங்க வரணும். மறந்துடக் கூடாது."

"சரிங்க."

"போன் நெம்பர்?"

"போனு அவங்கப்பாகிட்ட இருக்குதுங்க. அவரு பெங்களூர்ல வேல. நெம்பரு எனக்கு மனப்பாடமா வராதுங்க."

"வீடு எங்க?"

"புளியமரத்தாண்டங்க."

"புளியமரமா? சரி சரி, தெரியும்" என்றேன். முகவரிக் கட்டத்தில் 'புளியமரம் அருகில், பென்னாகரம் ரோடு' என்று எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை தர்ஷினி வரவில்லை. சாயங்காலம் ரெஜிஸ்டரை மூடும்போது அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தேன். பார்க்கவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நாளைக்கு வருவாள் என்று நினைத்துக்கொண்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் டாக்டருக்குப் போன் வந்தது. காய்கறி மார்க்கெட் பக்கம் ஒரு நாய் கண்டதையெல்லாம் கடித்துவிட்டு, வாயில் நுரை தள்ளி விழுந்து செத்திருக்கிறது. வெறிநாய்தான், சந்தேகமே இல்லை என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். அது கடித்து யாராவது உங்களிடம் வந்தார்களா என்று கேட்டார்.

"அடையாளம் என்னவாம்?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் போனைக் காதில் வைத்தபடியே சொன்னார். "செவல நாய். ஒரு காது அறுந்திருக்குதாம்."

என் கையிலிருந்த ட்ரே மேசையில் இடித்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். அவர்கள் பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். தர்ஷினி என்று யாரும் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், எந்த நாளும் வரவில்லை.

இந்த நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வந்துவிட்டால் அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கத்தான் முடியும். அந்த இன்னொரு மருந்தை முதல் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டாகவேண்டும். அடுத்த திங்கட்கிழமை வரைதான் கெடு.

"அட்ரஸ் இருக்குதா சிஸ்டர்?" என்றார் டாக்டர்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச இடம் மேடம். மார்க்கெட்டுக்குப் பக்கந்தான். ஒரு மணி நேரத்துல கூட்டிட்டு வந்துடறேன்."

எங்கள் டாக்டர் என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் தலையாட்டினார். நான் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஏறி, "புளியமரத்து ஸ்டாப் ஒண்ணு" என்றேன். கண்டக்டர் சின்ன வயதுக்காரர். "அது எங்கங்க இருக்குது?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே தெரியவில்லை. பின்சீட்டிலிருந்த ஒருவர்தான், "அதாம்ப்பா, ஸ்கேன் சென்டரு" என்றார். ஸ்கேன் சென்டரில் இறங்கினேன்.

வேலைக்கு வந்த புதிதில் நான் குடியிருந்ததே அந்தப் புளியமரத்துக்குப் பின்னால்தான். மரத்துக்கு இடதுகைப் பக்கம் எண்ணெய் மில். மத்தியானமானால் கடலைப் பிண்ணாக்கு வாசனை தெரு முழுக்க வரும். அடுத்தது வாடகை சைக்கிள் கடை. எதிரே நகராட்சிக் குழாய். அதன் முன்னால் எப்போதும் குடங்கள் வரிசையாக இருக்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள். மரத்தடியில் ஒருவர் தள்ளுவண்டியில் டீ விற்பார். மரத்தின் வேர்மேலேயே உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்போம். உள்ளே திரும்பினால் பதினோரு ஓட்டு வீடுகள். அதில் ஏழாவது என்னுடையது. கடைசி வீட்டில் பட்டுக்கூடு வியாபாரி இருந்தார். கூடு மூட்டை வந்த நாளில் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

இதெல்லாம் என் மனதில் அப்படியே இருந்தது. ரோட்டில் இறங்கி நின்றபோது எதுவும் அங்கே இல்லை. ரோடு நான்கு மடங்கு அகலமாகி, நடுவில் சிமெண்டுச் சுவரும் அரளிச் செடியும் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடம். இந்தப் பக்கம் செல்போன் கடை, டயர் கடை, மாடி மாடியாக ஏதேதோ பெயர்ப்பலகைகள். நான் ரோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ரோடு அகலப்படுத்தியதும் மரத்தை வெட்டியதும் எனக்குத் தெரியாததல்ல. வாரத்தில் ஆறு நாள் அதே ரோட்டில் பஸ்ஸில் போகிறவள் நான். ஆனால் அத்தனை வருடமும் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டு போனது என் மனதில் இருந்த பழைய தெருவைத்தான் போலிருக்கிறது. இறங்கி நின்ற பிறகுதான் அது உறைத்தது.

டயர் கடைக்காரரைக் கேட்டேன். "மரமா? அதோ அந்த லைட் கம்பம் இருக்குது பாருங்க, அங்கதான்" என்றார். பூ விற்கும் அம்மா, "அவருக்கு என்னாத் தெரியும்? இந்தச் செல்போன் கடைப் படிக்கட்டு இருக்குதே, இதான் மரத்தோட தூரு" என்றாள். நான் இரண்டு பேரும் சொல்லாத மூன்றாவது இடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் மூன்று பேருமே அந்த மரத்தடியில் வருடக் கணக்காக உட்கார்ந்தவர்கள்.

பின்பக்கம் போனேன். பதினோரு வீடுகளில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சுவர் மட்டும் இருந்தது. புதுக் கட்டடத்தை ஒட்டி, அதை இடிக்காமல் விட்டிருந்தார்கள். நீலச் சுண்ணாம்பு. நடுவில் ஒரு மாடக்குழி. அதற்குக் கீழே புகை படிந்து கருப்பாக ஒரு பட்டை. அது என் சமையற்கட்டுச் சுவர். அந்தக் குழியில்தான் நான் உப்பு ஜாடி வைத்திருந்தேன். என் அடுப்புப் புகையை ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி யாரோ என் வீட்டை இரண்டாக அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. அரைமணி நேரம் இருக்கும். ஒரு குழந்தைக்கு மூன்று நாள்தான் கெடு இருக்கும்போது, நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். இதையும் எழுதவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று பொழுது சாயும் வரை சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். அலமேலு, ஆறு வயதுப் பெண் குழந்தை, கையில் கட்டு. அடுக்குமாடி வாட்ச்மேன்கள் தெரியாது என்றார்கள். ஒரு வாட்ச்மேன், "நர்சம்மா, இங்க அந்த மாதிரி ஆளுங்களே குடியில்லீங்களே" என்று சொல்லிப் பார்த்தார். அது என் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. சனிக்கிழமை காலையிலும் அதே இடத்துக்குப் போனேன். அதே கதவுகள். வேறு எங்கே தேடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் திரும்பி வந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. டாக்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"சிஸ்டர், இதுல பென்னாகரம் ரோடுன்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா சொன்னாங்களா?"

"புளியமரம்னு சொன்னாங்க மேடம்."

"பென்னாகரம் ரோடுன்னு சொன்னாங்களா?"

நான் யோசித்தேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் முகம் ஞாபகம் வந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தையும் நானாகச் சேர்த்தது.

"அந்த மரத்த வெட்டி எத்தன வருஷம் இருக்கும்?"

"ஆறேழு வருஷம்."

"அந்தம்மா இந்த ஊருக்கு வந்து எத்தன வருஷம் இருக்கும்னு நெனக்கறீங்க? அவங்க எப்படி இருந்தாங்க, என்ன கட்டியிருந்தாங்க, சொல்லுங்க."

சேலைமேல் ஆம்பளைச் சட்டை. கால் விரலிடுக்கில் காய்ந்த சிமெண்டு. குழந்தையின் தலைமுடியிலும் சிமெண்டுத் தூசி. கட்டட வேலைக்கு வந்தவள். பேச்சு மலைப்பக்கத்துப் பேச்சு. இப்போதுதான் ஓரிரு வருடத்துக்குள் வந்திருப்பாள். அவள் அந்த மரத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்ப அவங்க சொன்ன புளியமரம் வேற" என்றார் டாக்டர். "சிஸ்டர், ரெண்டு நாளா நீங்க உங்க ஊரத் தேடிட்டு இருக்கீங்க. புள்ளயத் தேடுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முப்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எழுந்து வெளியே வந்தேன். வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் நின்றிருந்தார். இந்த முறை எனக்குத் தெரிந்ததாக எதையும் வைத்துக்கொள்ளாமல் கேட்டேன்.

"தம்பி, புளியமரம்னா இந்த ஊர்ல எது?"

"டீக்கடைங்களா? பைபாஸ்ல, புது லேஅவுட்டு முக்குல. ஏறுங்க, விட்டுடறேன்."

பைபாஸ் பக்கம் அந்த இடத்தை நான் நிலக்கடலைக் காடாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பாதி வீடுகள். தெருவுக்குப் பெயர் இல்லை, கதவுக்கு எண் இல்லை. முக்கில் ஒரு தகரக் கொட்டகை. மேலே மஞ்சள் பலகையில் 'புளியமரம் டீ ஸ்டால்' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. வெயில் கொளுத்தியது.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். "நர்சம்மா! என்னாங்க, நீங்களா?"

பழைய தள்ளுவண்டிக்காரர்தான். தலை நரைத்திருந்தது. மரத்தை வெட்டிய பிறகு ஒரு வருடம் அங்கேயே ரோட்டோரம் வண்டி போட்டிருந்தாராம். போலீஸ் விரட்டவும், இங்கே வந்து இடம் பிடித்தாராம். பழைய வாடிக்கைக்காரர்கள் தேடி வரட்டும் என்று அந்தப் பெயரையே வைத்தாராம். "பழைய ஆளுங்க ஒருத்தரும் வரல. புது சனங்க வந்து, இந்த எடத்துக்கே புளியமரம்னு பேரு வெச்சிட்டாங்க" என்று சிரித்தார். "ரோட்டோரம் வண்டி போட்டிருந்தப்ப நீங்க பஸ்ஸுல போவீங்க. டெய்லி கை காட்டுவேன். நீங்க ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல."

அவர் மேலும் பேச ஆசைப்பட்டார். எண்ணெய் மில் முதலாளி செத்துப்போனதைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கும் உட்கார்ந்து கேட்கவேண்டும் போலத்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணே, அதெல்லாம் அப்புறம். அலமேலுன்னு ஒரு பொண்ணு. சித்தாளு வேல. சின்னப் புள்ளைக்குக் கைல நாய் கடிச்சிருக்குது."

"நம்ம சித்தேரிக்கார அலமேலுவா? பின்னாடி தகரக் கொட்டாயிலதான் இருக்குது. ஆனா இப்ப இல்லீங்களே. நேத்து காலைல ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிட்டு ஊருக்குப் போயிடுச்சு. சின்னதுக்குக் காய்ச்சல்னு சொல்லுச்சு."

காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் அந்த நோய் வராது என்று படித்தவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் படிப்பு உதவிக்கு வரவில்லை.

சித்தேரி என்பது ஓர் ஊர் இல்லை. மலைமேல் எத்தனையோ சின்னச் சின்ன ஊர்கள். எந்த ஊர், எந்த வழி, யார் வீடு என்று கேட்டேன். டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. அவளை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மேஸ்திரி ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் அத்தோடு விடவில்லை.

"பஸ்ஸ விட்டு எறங்கி அலமேலு எப்படி நடந்து போகும்? அதச் சொல்லுங்க."

"எறங்கி, கொஞ்சம் பின்னாடி வந்து, எடதுகைப் பக்கம் ஏத்தத்துல போவணுங்க. சாமைக் காட்டுக்கு நடுவுல வழி. மேல மூணு வூடு இருக்கும். நடுவூடு அவங்க அக்கா வூடு."

அவர் சொன்னது சொன்னபடியே எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

நான் திரும்பி வந்து சொன்னதும், டாக்டர் மலையிலிருக்கும் நர்சுக்குப் போன் போட்டார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. எட்டாவது முறைதான் முழுதாகப் பேச முடிந்தது. அந்தப் பெண் விடியற்காலையிலேயே அந்த வீட்டுக்குப் போய், நான் வரும்வரை யாரையும் வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். டாக்டர் பெரியாஸ்பத்திரியில் மருந்துக்கு ஏற்பாடு செய்ய நின்றுகொண்டார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "சிஸ்டர், அந்த வீட்டுல வேற யாரையாவது நாய் கடிச்சுதான்னு கேளுங்க. திங்கக்கிழமை நாமளும் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை காலை அரூரிலிருந்து மலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். வளைவுகளில் பஸ் திணறியபோதெல்லாம் நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து நானே தள்ளுவது போல் உட்கார்ந்திருந்தேன். இறங்கி, கொஞ்சம் பின்னால் வந்து, இடதுகைப் பக்கம் ஏற்றத்தில் நடந்தேன். சாமைக் காடு. மேலே மூன்று வீடுகள். நடு வீட்டு வாசலில் மலை நர்ஸ் நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தர்ஷினி ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. கையில் நான் போட்ட கட்டு அழுக்காகி இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. வெறும் சளிக்காய்ச்சல், வந்து இறங்கிவிட்டிருந்தது.

அலமேலு என்னைப் பார்த்ததும் மிரண்டுபோனாள். "என்னாங்க நர்சம்மா, இவ்ளோ தூரம்? ஊசி போட்டதாலதான் காய்ச்சல் வந்துடுச்சோன்னு பயந்துட்டங்க. அதான் இன்னொரு ஊசி வேணாம்னு இங்க இட்டாந்துட்டேன்."

"பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னனே, ஏன் போகல?"

"போனங்க. அங்க பெருசா இருக்குது, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. ஒருத்தரு இங்கன்னாரு, ஒருத்தரு அங்கன்னாரு. மத்தியானம் ஆயிடுச்சு. அரைநாளு வேலையாச்சும் பாக்கலாம்னு வந்துட்டங்க."

திட்டவேண்டும் என்று வந்த வார்த்தையை விழுங்கினேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். சீட்டில் எந்தக் கட்டடம், எந்த அறை என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி அவளுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நாய்க்கு வெறி பிடித்திருந்ததைச் சொன்னேன். அலமேலு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உடனே கிளம்பலாம் என்று சொல்லிவிட்டு, டாக்டர் சொன்ன கேள்வியைக் கேட்டேன்.

"அன்னைக்கு வேற யாரையாச்சும் அந்த நாய் கடிச்சுதா?"

"இல்லீங்க. இவள ஒண்டிதான்" என்றாள் அலமேலு.

கதவோரம் பத்து வயதில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். பெரியவள், பெயர் கோகிலா. அம்மா பதில் சொன்ன அந்த நேரத்தில் அவள் வலது கையைப் பாவாடைக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் அதைப் பார்த்துவிட்டேன்.

"கண்ணு, கையக் காட்டு."

அவள் காட்டவில்லை. மலை நர்ஸ் மெதுவாகப் பக்கத்தில் போய்க் குனிந்து, கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு பல் இறங்கிய குழி. மேலே சுண்ணாம்பு பூசிக் காய்ந்திருந்தது. ஆறு நாள் ஆன காயம். ஒரு ஊசிகூடப் போடவில்லை.

அலமேலு மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி சொல்லல? ஏன்டி சொல்லல?"

"நாயி பாப்பாவ விட மாட்டேன்னுது மா. வாயப் புடிச்சி இழுத்தேன்" என்றாள் கோகிலா. "எனக்கும் ஆஸ்பத்திரின்னா நீ வேலைக்கே போவ முடியாதுன்னுதான் சொல்லல."

எங்கள் ரெஜிஸ்டரில் அவள் பெயர் இல்லை. நான் இரண்டு நாள் அலைந்தது தர்ஷினிக்காக. இந்தப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை தர்ஷினி ஒழுங்காகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், வியாழக்கிழமை ஒழுங்காக வந்திருந்தால், நான் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இந்தப் பெண் ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து, தண்ணீர் குடிக்க முடியாமல் செத்திருப்பாள். அந்த வாசலில் நின்று இது எனக்கு விளங்கியபோது, மலை நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேனா என்று சந்தேகமாக இருந்தது.

பத்தரை மணி பஸ்ஸுக்கு இறங்கினோம். இரண்டு பிள்ளைகளையும் என் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டேன். மத்தியானம் பெரியாஸ்பத்திரி வாசலில் டாக்டர் தானே நின்றிருந்தார். "ரெண்டு பேரு மேடம்" என்றேன். அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். இரண்டு பேருக்கும் புண்ணைச் சுற்றி மருந்து போட்டார்கள். தர்ஷினிக்கு விட்டுப்போன ஊசியும் கோகிலாவுக்கு முதல் ஊசியும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசி நாளிலும் நானே அந்தத் தகரக் கொட்டாய்க்குப் போய்க் கூட்டிவந்தேன். போகும்போது அந்த லேஅவுட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். தண்ணி டேங்கு, கம்பி யார்டு, பாதியில் நின்றுபோன கல்யாண மண்டபம் என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்லும் பெயர்களையே ஒரு நோட்டில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதினேன். அந்த வேலை இப்போது உங்களுடையது. நான் எழுதிவைத்ததில் பாதி இப்போது தப்பாக இருக்கும். அதைப் பார்த்து நம்பி நடக்காதீர்கள். வீடு எங்கே என்று கேட்காதீர்கள், இங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போவாய் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லாததை எழுதாதீர்கள். 'தெரியும்' என்ற சொல் வாயில் வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கேள்வி கேளுங்கள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அந்த வருடம் முழுக்க யாருக்காவது தலைவலி என்றால்கூட நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அந்த வருடமும் போனது.

கோகிலாவுக்குக் கடைசி ஊசி போட்ட அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியபடி, "இனிமே எதுன்னாலும் அம்மாகிட்ட உடனே சொல்லிடணும், என்ன?" என்றேன்.

"சரிங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள். "எனக்குக் கை நல்லா ஆறிப்போச்சு, நர்சம்மா. நீங்க அன்னைக்குக் கேக்காம இருந்திருந்தீங்கன்னா, நான் யாருகிட்டயும் சொல்லியிருக்கவே மாட்டேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலிலிருந்து குதித்துத் தங்கையோடு வெளியே ஓடினாள். நான் ஊசியை அதற்குரிய டப்பாவில் போட்டேன். அடுத்து நாய்க்கடியோடு வந்தவரிடம், பெயரைக் கேட்பதற்கு முன்பே, வீட்டில் வேறு யாரையாவது கடித்ததா என்று கேட்டேன்.